வீடில்லாமல் திரும்பியவருக்குத் துணை நிற்பது எப்படி: திருகோணமலை மாவட்டத்தவருக்கு ஒரு வழிகாட்டி

திருகோணமலையில் வீடற்ற, விடுதலைப் புலிகள் இயக்கத்து முன்னாள் போராளி ஒருவரைத் தெருவோரத்தில் தேடினால் காணமுடியாது. அவர் தங்கையின் வீட்டு விறாந்தையில் பாய் விரித்துப் படுத்திருப்பார். அல்லது கடற்கரை வாடியொன்றில் வலைகளுக்குக் காவலிருப்பார். அல்லது கட்டி முடியாத கட்டடமொன்றில் இரவுக் காவலாளியாகத் தங்கி, அந்த வேலை முடிந்ததும் அடுத்த கட்டடத்துக்கு இடம் மாறுவார். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால், "ஓரிடத்தில் இருக்கிறேன்" என்பதோடு பேச்சை முடித்துக்கொள்வார். அவருடைய உறவினருக்கும், அயலவருக்கும், ஊர்ச் சங்கங்களில் இருக்கும் இளைஞருக்கும் பயன்படும் என்று எண்ணி இதனை எழுதுகிறேன். பல வருடங்களாக இத்தகையவர்களோடு அலுவலக வாசல்களில் காத்திருந்து கற்றுக்கொண்டவையே இவற்றில் பெரும்பகுதி.

2009 மே மாதத்தில் போர் முடிந்தபின் ஏறத்தாழ 12,000 பேர் பூந்தோட்டம், வெலிக்கந்தை முதலான நிலையங்களில் புனர்வாழ்வு பெற்று, கையில் ஒரு சான்றிதழோடு வெளியே வந்தார்கள். முப்படைகளிலிருந்து ஓய்வு பெறுவோருக்கும் அவர்களுடைய குடும்பத்துக்கும் ரணவிரு சேவா அதிகார சபை 1999 முதல் இருக்கிறது. புனர்வாழ்வு பெற்று வந்தவர்களுக்கோ எல்லாக் குடிமக்களும் போகும் அதே கிராம அலுவலர், அதே பிரதேச செயலகம், அதே வரிசைதான். ஆகவே அந்த வரிசையில் எப்படி நிற்பது என்பதை அறிந்திருப்பது அவசியமாகிறது.

முதலில், அவருக்கு ஏன் வீடில்லாமல் போனது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். கிழக்கில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவது வழக்கம். ஆண் திருமணமாகி மனைவியின் வீட்டுக்குப் போவான். இயக்கத்திலும் தடுப்பிலும் திருமண வயதைக் கழித்துவிட்டு வந்த ஆணுக்கு, இந்த வழக்கத்தில் இடமே இல்லை. பெண் போராளியின் நிலை இன்னும் கடினமானது. அவர் திரும்பி வருவாரா என்றே தெரியாத காலத்தில் அவருக்கென்று வைத்திருந்த வளவும் வீடும் தங்கையின் பெயருக்கு எழுதப்பட்டிருக்கும். இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இந்தக் காரணத்தை அறியாமல் "உங்கள் வீட்டாரிடம் கேட்டுப் பாருங்கள்" என்று சொல்வது அவரை மேலும் ஒதுங்கச் செய்யும். பேசும்போது அண்ணா, அக்கா என்று ஊர் முறைப்படியே கூப்பிடுங்கள். பிறர் முன்னிலையில் "முன்னாள் போராளி" என்று அறிமுகப்படுத்த வேண்டாம். பழைய கதையை அவராகத் தொடங்கினால் கேளுங்கள், நீங்களாகத் துருவாதீர்கள்.

அடுத்தது முகவரி. வீடு கிடைத்தபின் முகவரி வரும் என்று பலர் காத்திருக்கிறார்கள், நடைமுறை நேர்மாறானது. கிராம அலுவலரின் பதிவில் பெயர் இல்லாதவர் வாக்காளர் இடாப்பில் ஏறுவது கடினம், வதிவிடச் சான்றிதழ் பெறுவது கடினம், வீட்டுத்திட்டப் பட்டியலிலோ அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு விண்ணப்பத்திலோ இடம்பெறுவதும் கடினம். எனவே அவர் இப்போது படுத்துறங்கும் இடம் எதுவோ, அந்த வீட்டுக்காரரின் சம்மதத்தோடு அந்த முகவரியிலேயே அவரைப் பதியச் செய்யுங்கள். அதே கூரையின் கீழ் இருந்தாலும் அவர் தனிக் குடும்பமாகக் கணிக்கப்பட வேண்டும் என்பதைக் கிராம அலுவலரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் தங்கையின் கல்வீடு அவருடைய வீடாகவே எழுதப்பட்டு, வீடற்றவர் என்ற கணக்கிலிருந்து அவர் பெயர் விழுந்துவிடும். வதிவிடச் சான்றிதழில் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் இருப்பது நல்லது.

பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, புனர்வாழ்வுச் சான்றிதழ், வதிவிடச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் ஆகிய ஐந்தும் ஒரே கோவையில், ஒவ்வொன்றின் மூன்று பிரதிகளோடு இருக்கட்டும். பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால், பிறப்புப் பதியப்பட்ட பிரிவின் பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் பிரதி கேட்கலாம். பதிவே கிடைக்காதவருக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்ற வழி உண்டு. அடையாள அட்டை தொலைந்திருந்தால் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி தேவைப்படும். அதற்காகப் பொலிஸ் நிலையத்துக்குத் தனியே போக அவர் தயங்குவார், கூடப் போங்கள்.

பெயரின் எழுத்தை நான் தனியாகக் குறிப்பிட வேண்டும். தமிழில் எழுதிய பெயர் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டு மீண்டும் தமிழுக்கு வரும்போது உருமாறிவிடுகிறது. மூதூர்ப் பக்கத்து ஒருவரோடு நான் அலைந்த காலத்தில், அவருடைய பெயர் பயனாளிகள் பட்டியலில் இரண்டு தடவை ஏறி இரண்டு தடவையும் நீக்கப்பட்டது. தந்தையின் பெயரில் ஒரு மெய்யெழுத்து கூடியிருந்ததே காரணம் என்று அறிய எங்களுக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. எல்லா ஆவணங்களையும் ஒரு மேசையில் பரப்பி எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால், இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்துக் கோவையில் முதலாவதாக வையுங்கள்.

நிரந்தர வீடு வரும்வரை வாடகை அறையொன்று தேவைப்படலாம். விசாரணைக்காரர் வீட்டுக்கு வருவார்கள் என்ற அச்சத்தால் வீட்டுக்காரர் பின்வாங்குவதே பெரிய தடை. அந்த அச்சத்தை மறைக்க முயல வேண்டாம். ஊரில் மதிப்புள்ள ஒருவர், கோயில் தலைவரோ, பாதிரியாரோ, பாடசாலை அதிபரோ உடன் சென்று பொறுப்பேற்றுப் பேசினால் பெரும்பாலும் கதவு திறக்கும். வாய்ப்பேச்சோடு விடாமல் வாடகை ஒப்பந்தம் எழுதுங்கள்; அது முகவரிக்கும் சான்றாகும்.

காணி விடயத்தில் அவசரம் ஆகாது. அது தனியாருக்குச் சொந்தமான உறுதிக் காணியா, அரசு அனுமதிப்பத்திரத்தில் (பெர்மிட்) தந்த காணியா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட பெர்மிட் காணியை விரும்பியபடி துண்டாக்கவோ விற்கவோ முடியாது. பெற்றோர் இறந்தபின் அது வழக்கமாக ஒருவரின் பெயருக்கே போகும். ஆண்பிள்ளைக்கு முன்னுரிமை தந்த பழைய வாரிசு ஒழுங்கு 2022இல் திருத்தப்பட்டதால், பெண்கள் தங்கள் உரிமையைப் புதிதாகக் கேட்டுப் பார்க்க இடமுண்டு. சகோதரர்களுக்குள் மனத்தாங்கல் வருமுன் பிரதேச செயலகக் காணி உத்தியோகத்தரிடம் கோப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். சம்பூர் மக்கள் 2006இல் இடம்பெயர்ந்து, 2015, 2016 ஆண்டுகளிலேயே தங்கள் நிலங்களுக்குத் திரும்பத் தொடங்கினார்கள். அவ்வளவு காலத்தில் எல்லைக்கற்களும் வேலிகளும் அழிந்து, பத்திரங்களும் பலரிடம் இல்லாமல் போயின. அத்தகைய இடங்களில் நிலஅளவைப் படமும் அயற்காணிக்காரரின் எழுத்துமூலச் சம்மதமும் இன்றி அத்திவாரம் வெட்டக் கூடாது. குச்சவெளி, திரியாய், தென்னமரவடிப் பக்கங்களில் காணி வனத் திணைக்களத்தின் அல்லது தொல்பொருள் திணைக்களத்தின் எல்லைக்குள் வருகிறதா என்பதையும் எழுத்தில் கேட்டு அறியுங்கள். பிணக்கு முற்றினால் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்தை நாடலாம். வருமானம் குறைந்தவருக்கு அங்கே கட்டணமின்றி உதவி கிடைக்கும்.

வீட்டுத்திட்டத்துக்கு விண்ணப்பித்துவிட்டுப் பதில் வராதபோது, பட்டியல் எப்படித் தயாரானது, தம் பெயருக்கு எத்தனை புள்ளி, நீக்கியிருந்தால் காரணம் என்ன என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். பிரதேச செயலகத்தின் தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். தமிழிலேயே எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான பற்றுச்சீட்டைக் கட்டாயம் வாங்குங்கள். சண்டையிடும் தோரணை வேண்டாம். அமைதியாக எழுதிய ஒரு பக்கக் கடிதம் பல கோப்புகளை மேசைக்குக் கொண்டுவந்ததை நான் கண்டிருக்கிறேன்.

வீடு கிடைத்தால் கட்டும் முறையில் கவனம் வேண்டும். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா தவணை தவணையாக வழங்கப்பட்டு, வீட்டை உரியவரே கட்டும் ஒழுங்கு இருந்தது. பிற திட்டங்களும் பெரும்பாலும் இதே வழியில் நடக்கின்றன: அத்திவாரம், சுவர், கூரை என ஒவ்வொரு கட்டமும் முடிந்து பார்வையிட்டபின்தான் அடுத்த காசு வரும். திட்டத்தில் தந்த அளவை விட ஓர் அறை கூட்டிக் கட்டியவர்களே அதிகம் கடனில் விழுந்தார்கள். கூட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நுண்கடன் எடுத்துக் கூட்ட வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். தை பிறந்து நிலம் காய்ந்ததும் அத்திவாரம் போட்டால் ஐப்பசி மழைக்கு முன் கூரை ஏற்றிவிடலாம். வெருகல், ஈச்சிலம்பற்றுப் பகுதிகளில் மகாவலி வெள்ளம் வரும் மட்டத்தை மூத்தவர்களிடம் கேட்டு, அதற்கு மேலாக அத்திவாரத்தை உயர்த்துங்கள். மேசனுக்கான கூலியை முழுதாக முன்பணம் கொடுக்காமல் கட்டம் கட்டமாகப் பேசுங்கள்.

தொழிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வதானால், மீண்டும் மீண்டும் பயிற்சி வகுப்புக்கு அனுப்புவதால் பயனில்லை. மேசன் வேலை, ஒட்டு வேலை (வெல்டிங்), இயந்திரத் திருத்தம், தையல் என்பவற்றில் இவர்களில் பலர் ஏற்கெனவே தேர்ந்தவர்கள், இல்லாதது தாள்தான். தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை, கைவசமுள்ள திறமையைச் சோதித்துத் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் வழங்குகிறது. அதனை வைத்துக்கொண்டு ஒப்பந்தகாரரிடமோ தொழிற்சாலைகளிலோ கேட்பது, கடந்தகாலத்தைப் பற்றிய கேள்வியிலிருந்து தகைமையைப் பற்றிய கேள்விக்குப் பேச்சைத் திருப்பும்.

உடலில் எறிகணை (செல்) துண்டுகளோடு வெயிலில் வேலை செய்பவரை, வலிக்கு மாத்திரை போட்டுக்கொள்ளச் சொல்லி விடக் கூடாது. மாவட்டப் பொது வைத்தியசாலையின் கிளினிக்கில் பதிந்து, அந்தப் புத்தகத்தோடு சமூக சேவை உத்தியோகத்தரிடம் மாற்றுத்திறனாளி உதவிக்கு விண்ணப்பிக்கச் செய்யுங்கள். செயற்கைக் கால் தேவைப்படுவோருக்கு யாழ்ப்பாணத்திலுள்ள ஜெய்ப்பூர் நிறுவனம் நீண்ட காலமாகத் தொண்டாற்றி வருகிறது. உறக்கமின்மை, குடி, "இனி என்ன இருக்கிறது" என்ற பேச்சு ஆகியவற்றைக் கண்டால் அன்றைக்கே செயற்படுங்கள். தனியே விடாமல் அருகில் இருங்கள். வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

விசாரணைக்கு அழைப்பு வந்தால், எழுத்தில் தரும்படி பணிவாகக் கேட்கவும், ஒருவரை உடன் அழைத்துச் செல்லவும் அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். வந்தவர் யார், எந்த நிலையம், எத்தனை மணி என்பதை ஒரு கொப்பியில் திகதியோடு குறியுங்கள். வாசிக்க முடியாத மொழியிலுள்ள வாக்குமூலத்தில் கையெழுத்திட வேண்டாம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் எவரையும் கைது செய்தால் 48 மணித்தியாலங்களுக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும்; குடும்பத்தினர் 1996 என்ற இலக்கத்திலும் திருகோணமலையிலுள்ள பிராந்திய அலுவலகத்திலும் முறையிடலாம். சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் முறையிட்டால், பிற்பாடு உயர் நீதிமன்றத்துக்குப் போகும் வழியும் அடைபடாது.

குடிபுகுந்தபின் கிராம அலுவலரின் பதிவையும் வாக்காளர் இடாப்பையும் புதிய முகவரிக்கு மாற்றுங்கள். மின்சார இணைப்பை அவருடைய பெயரிலேயே எடுங்கள். முதல் மாரியில் ஒரு தடவை போய், கூரை ஒழுகுகிறதா, கிணற்றுக்குள் வெள்ளநீர் இறங்குகிறதா என்று பார்த்து வாருங்கள்.