டர்பன் தமிழரின் மரண அறிவிப்புகளைச் சேர்த்து அட்டவணை போடுவது எப்படி?

1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் மதராசிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் வந்து சேர்ந்தது. அதன் பிறகு 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியவர்கள் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல். அவர்களுடைய பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர் எல்லாம் கப்பல் பட்டியலில் இருக்கின்றன. அவர்களுக்கும் நமக்கும் நடுவிலுள்ள தலைமுறைகள்தான் சிக்கல். அந்த இடைவெளியை நிரப்ப 'லீடர்', 'கிராஃபிக்', 'போஸ்ட்' மாதிரிப் பத்திரிகைகளில் வந்த மரண அறிவிப்புகளும் நினைவஞ்சலிகளும் பெரிய துணை. இந்த வேலைக்குப் படிப்போ பணமோ வேண்டாம், பொறுமை போதும்.

1. தேடுங்கள்

முதலில் வீட்டில் தேடுங்கள். சாமி அறை இழுப்பறை, பழைய ஆல்பம், ஆயாவின் பெட்டி என்று எதையும் விடாதீர்கள். அப்புறம் நூலகம். பீட்டர்மரிட்ஸ்பர்க்கின் ம்சுன்டூசி நகராட்சி நூலகத்துக்குப் பத்திரிகைகள் சட்டப்படியே வந்து சேர்கின்றன. க்வாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி-லுதூலி ஆவண மையத்தையும் கேட்டுப் பாருங்கள். எங்கே போனாலும் படம் எடுக்குமுன் அனுமதி கேளுங்கள்.

2. காகிதத்தைக் காப்பாற்றுங்கள்

பத்திரிகைத் தாள் மரக்கூழில் செய்தது. வெயிலும் காற்றும் பட்டால் பழுப்பாகி நொறுங்கும், டர்பன் ஈரப்பதம் வேறு. லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள், குண்டூசி இருந்தால் எடுத்துவிடுங்கள். கையுறை வேண்டாம். அதைப் போட்டால் விரலுக்கு உணர்வு குறைந்து ஓரம் கிழியும். சுத்தமான, உலர்ந்த கை போதும். அமிலமில்லாத கோப்பில் மடிக்காமல் வையுங்கள். பத்திரிகை பெயரையும் தேதியையும் கோப்பின் மேல் பென்சிலால் எழுதுங்கள்.

முழுப் பக்கமே கையில் இருந்தால் வெட்டவே வேண்டாம். தேதி தெரியும்படி முழுப் பக்கத்தை ஒரு படம், அறிவிப்பை மட்டும் கிட்டத்தில் ஒரு படம். ஸ்கேன் என்றால் 400 டிபிஐ, கலரில். படத்தின் பெயரை ஆண்டு-மாதம்-நாள், பத்திரிகை, பக்கம் என்ற வரிசையில் கொடுத்தால் தானாகவே காலவரிசையில் நிற்கும்.

3. அட்டவணை போடுங்கள்

உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. இறந்தவருக்கு மட்டும் ஒரு வரி போட்டு நிறுத்திவிடாதீர்கள். அறிவிப்பில் வரும் ஒவ்வொருவருக்கும், மருமகன், சம்பந்தி, பேரன் உட்பட, தனி வரி போடுங்கள். பத்திரிகை, தேதி, பக்கம், அச்சான பெயர், செல்லப்பெயர், உறவு, முகவரி என்று கட்டங்கள் இருந்தால் சரி.

பெண்களைப் பொறுத்தவரை இது இன்னும் முக்கியம். 'மிஸஸ் நாயுடு' என்று மட்டும் அச்சாகியிருக்கும், பிறந்த வீடு எது என்று தெரியாது. கீழே அண்ணன் தம்பிகளின் பெயர் வந்திருந்தால் அது தெரிந்துவிடும். அதை விட்டுவிட்டால் அந்தப் பெண்ணின் பக்கத்து வம்சமே தொலைந்துபோகும்.

எழுத்துக்கூட்டலைத் திருத்தாதீர்கள். 'பிள்ளை' என்ற குடும்பப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது அண்ணனுக்குக் கடைசி எழுத்து ஒய்யாகவும் (Pillay) தம்பிக்கு ஐயாகவும் (Pillai) இருக்கலாம். தாத்தாவின் சொந்தப் பெயரே பேரனுக்குக் குடும்பப் பெயரானதும் உண்டு. அச்சில் உள்ளபடி ஒரு கட்டம், தேட வசதியாகப் பொதுவான எழுத்தில் இன்னொரு கட்டம். 'கடந்த செவ்வாய்' என்று இருந்தால் அதை அப்படியே எழுதி, பத்திரிகைத் தேதியை வைத்துக் கணக்கிட்ட நாளைப் பக்கத்தில் போடுங்கள்.

முகவரியைச் சுருக்காதீர்கள். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப்பகுதிச் சட்டத்தால், டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து இந்தியருக்கென ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்குத் துரத்தப்பட்ட குடும்பங்கள் ஏராளம். ஒரே வீட்டாரின் இரண்டு அறிவிப்புகளில் முகவரி மாறியிருந்தால், அந்தக் குடும்பம் எப்போது பெயர்ந்தது என்று ஊகிக்க முடியும். சாட்ஸ்வொர்த்தில் தெருக்களுக்கு எண்தான் இருந்தது, அதை விடாமல் எழுதுங்கள்.

4. சரிபார்த்துக் கொடுங்கள்

இன்னொருவர் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். வீட்டுப் பெரியவர் கூட இருந்தால் செல்லப்பெயர்களுக்கு ஆள் யாரென்று சொல்லிவிடுவார். உயிரோடு இருப்பவர்களின் முகவரியை வெளியிடாதீர்கள். பத்திரிகைப் படத்தை இணையத்தில் போட வேண்டுமானால் பத்திரிகையிடம் கேளுங்கள்.

அட்டவணையை மூன்று இடத்தில் சேமியுங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். தென்னாப்பிரிக்க வம்சாவளிச் சங்கத்தின் இணையக் கிளையான இஜிஜிஎஸ்ஏ (eGGSA), தன்னார்வலர்கள் தட்டெழுதிய பழைய பத்திரிகைப் பகுதிகளைத் தொகுத்து வைக்கிறது. உங்கள் பட்டியலை எந்த வடிவத்தில் வாங்கிக்கொள்வார்கள் என்று அவர்களிடம் முதலிலேயே கேட்டுக்கொண்டால் இரட்டை வேலை மிச்சம்.