சமையலறையைப் புதுப்பிக்கும் முன் வயரிங் திட்டமிடுவது எப்படி?

சமையலறையைப் புதுப்பிக்கும்போது டைல்ஸ் நிறமும் அலமாரியும்தான் முதலில் முடிவாகின்றன. வயரிங் பற்றிய பேச்சு சுவர் பூசிய பிறகே எழுகிறது. விளைவு, மேடைமேல் நிரந்தரமாகக் குடியேறும் எக்ஸ்டென்ஷன் பெட்டி. வயரிங் வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். ஆனால் எந்தப் பொருள் எங்கே இருக்கப்போகிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். திட்டத்தை நீங்களே போட வேண்டும்.

படி 1: பட்டியல்

இப்போது இருப்பவை, பிறகு வாங்க நினைப்பவை எல்லாவற்றையும் எழுதி, பக்கத்தில் வாட் அளவைக் குறியுங்கள். பொருளின் பின்புறமோ அடியிலோ உள்ள ஸ்டிக்கரில் அது இருக்கும். மைக்ரோவேவில் மட்டும் கவனம்: 800 வாட் என்று விளம்பரப்படுத்துவது உணவுக்குள் செல்லும் ஆற்றலை. அது மின்சாரத்தில் எடுப்பது 1200 வாட் அல்லது அதற்கும் மேல். எடுக்கும் அளவையே எழுதுங்கள்.

படி 2: சுவரில் வரைதல்

காகிதத்தைவிடச் சுவரே நல்லது. மேடை, சிங்க், அடுப்பு, ஃபிரிட்ஜ் வரும் இடங்களைச் சாக்பீஸால் உண்மை அளவில் வரைந்து, பிளக் பாயின்ட்டுகளைக் குறியுங்கள். சிங்குக்கும் அடுப்புக்கும் நேர் மேலே கைக்கெட்டும் உயரத்தில் பாயின்ட் வேண்டாம். அலமாரிக்குள் பொருத்தும் ஓவனுக்கான பாயின்ட்டைப் பக்கத்து அலமாரியில் வையுங்கள். பின்னால் வைத்தால் பிளக்கைக் கழற்ற ஓவனையே வெளியே இழுக்க வேண்டியிருக்கும்.

படி 3: சர்க்யூட் பிரித்தல்

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 230 வோல்ட் இணைப்பில் 2000 வாட் கெட்டிலும் 1200 வாட் மைக்ரோவேவும் சேர்ந்து ஓடினால் சுமார் 14 ஆம்பியர். கூடவே 900 வாட் டோஸ்டரையும் போட்டால் 18 ஆம்பியரை நெருங்கிவிடும். மின்னோட்டம் அளவு மீறினால் தானே இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்தான் எம்.சி.பி. 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது வரம்பு மீறிய சுமை, நீண்ட நேரம் ஓடினால் விழுந்துவிடலாம்.

அப்போது “பெரிய எம்.சி.பி. போட்டுவிடலாம்” என்று யாராவது சொன்னால் ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். எம்.சி.பி. காப்பது சுவருக்குள் இருக்கும் வயரை. 2.5 சதுர மி.மீ. வயருக்கு 32 ஆம்பியர் எம்.சி.பி. போட்டால், அது விழுவதற்கு முன்பே வயரின் உறை சூடேறி இளகத் தொடங்கலாம். சரியான வழி, மேடைப் பாயின்ட்டுகளை இரண்டு சர்க்யூட்டாக, அதாவது தனித்தனி வயரும் எம்.சி.பி.யும் கொண்ட இரண்டு இணைப்புகளாகப் பிரிப்பது.

வீடுகளில் பொதுவாக விளக்குகளுக்கு 1.5, பிளக் பாயின்ட்டுகளுக்கு 2.5, பெரிய ஓவன் போன்றவற்றுக்கு 4 சதுர மி.மீ. செம்பு வயர் போடுகிறார்கள். வயரின் நீளத்தையும் குழாயில் எத்தனை வயர் செல்கிறது என்பதையும் பார்த்து எலக்ட்ரீஷியன் இதை உறுதிசெய்ய வேண்டும். ஃபிரிட்ஜுக்குத் தனி சர்க்யூட் கொடுங்கள். வேறு சர்க்யூட்டின் எம்.சி.பி. விழுந்தாலும் அது ஓடிக்கொண்டிருக்கும்.

படி 4: எர்த், ஆர்.சி.சி.பி.

ஈரக்கையோடு புழங்கும் அறை இது. உடல் வழியே கசியும் மின்னோட்டம் உயிரைப் பறிக்கும் அளவுக்கு இருந்தாலும், எம்.சி.பி.யை விழவைக்க அது போதாது. அதைக் கண்டறிந்து துண்டிப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இதையும், எல்லாப் பாயின்ட்டுக்கும் எர்த் இணைப்பையும் செலவு கருதி விட்டுவிடாதீர்கள்.

படி 5: படம் எடுத்தல்

குழாய்கள் நேர்க்குத்தாகவோ கிடைமட்டமாகவோ மட்டும் செல்லட்டும். குறுக்கே சாய்வாக வேண்டாம். பூசுவதற்கு முன் அளவுநாடாவைச் சுவரோடு பிடித்து ஒவ்வொரு சுவரையும் படமெடுத்து, அலமாரி மாட்ட வருபவர் துளையிடும் முன் அவரிடம் காட்டுங்கள்.