சாலை இல்லாத ஊரில் ஓராண்டு: பாப்புவா நியூகினியின் மேற்கு மாகாணத்துக்குப் பணிக்குச் செல்பவருக்கு

பாப்புவா நியூகினியின் மேற்கு மாகாணம் ஏறத்தாழ 98,000 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அங்கே வாழ்ந்தவர்கள் சுமார் 2 லட்சம் பேர். சதுர கிலோமீட்டருக்கு இருவர் என்ற கணக்கு. மாகாணத் தலைநகரான டாரு தென்கோடியில் ஒரு சிறு தீவில் இருக்கிறது. வடக்கிலுள்ள கியுங்கா, தபூபில் நகரங்களுக்கு அங்கிருந்தும் சாலை இல்லை, நாட்டின் தலைநகரான போர்ட் மோர்ஸ்பியிலிருந்தும் சாலை இல்லை. ஃப்ளை, ஸ்ட்ரிக்லேண்ட் ஆகிய பேராறுகளுக்கு இடைப்பட்ட காட்டுக்குள் போனால், முப்பது வீடுகள் சேர்ந்திருப்பதே பெரிய ஊர். அப்படியோர் ஊருக்கு ஆசிரியராகவோ, செவிலியராகவோ, மொழி ஆய்வாளராகவோ, வேளாண் ஆலோசகராகவோ செல்ல நேர்ந்தவர் எவ்வாறு ஆயத்தமாக வேண்டும், அங்கே எவ்வாறு வாழ வேண்டும், அவ்வூரின் வருமானத்தைப் பற்றி யோசனை சொல்லுமுன் எதைக் கணக்கிட வேண்டும் என்பனவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

முதல் வேலையாக ஒரு தொங்கு தராசு வாங்கிக்கொள்ளுங்கள். ஊருக்குப் போகும் வழி பெரும்பாலும் புல்தரை ஓடுபாதையில் இறங்கும் சிறு விமானம்தான். அதில் ஏறுமுன் உங்கள் பெட்டிகளோடு உங்களையும் நிறுத்துப் பார்ப்பார்கள். ஓடுபாதை குட்டையாகவும் சாய்வாகவும் இருக்கும் இடங்களில் சில கிலோ கூடினாலும் விமானி மறுத்துவிடுவார், அவர் மறுப்பதும் நியாயமே. நகரத்துக் கடையில் மலிவாகக் கிடைக்கும் அரிசி மூட்டை ஊருக்கு வந்து சேரும்போது அதன் விலையில் பெரும்பங்கு விமானக் கூலியாக இருக்கும். உப்பு, மண்ணெண்ணெய், கூரைத் தகடு, பாடப்புத்தகம், மருந்து எல்லாவற்றுக்கும் இதே கதிதான். அந்த ஊரின் வாழ்வில் உங்களுக்கு விளங்காத ஒன்றைக் காணும்போதெல்லாம் எடை என்ற கோணத்திலிருந்து ஒருமுறை பாருங்கள். பாதிக்கு மேல் விளங்கிவிடும்.

அந்த ஓடுபாதையை யார் பராமரிக்கிறார்கள் என்பதையும் முன்னதாகக் கேட்டறிய வேண்டும். பல ஊர்களில் மக்களே வரிசையாக நின்று வெட்டுக்கத்தியால் புல்லைச் செதுக்குகிறார்கள். கூலிப்பணம் வராமல் அந்த வேலை நின்றுபோனாலோ, தொடர்மழையில் தரை இளகிவிட்டாலோ விமானம் வாரக்கணக்கில் வராது. மாகாணத்தின் வடமலை விளிம்பிலுள்ள தபூபிலில் ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஆகவே ‘தரை இளகுதல்’ என்பதை எப்போதோ நேரும் விபத்தாகக் கருதிவிடாதீர்கள். மதியத்துக்குள் மலைமேல் மேகம் கவிந்துவிடும் என்பதால் விமானங்கள் காலையிலேயே வந்து போகும். புறப்படும் நாளுக்கும் அடுத்த கட்டாயப் பணிக்கும் இடையில் குறைந்தது பத்து நாள் இடைவெளி விட்டே திட்டமிடுங்கள்.

ஆற்று வழியாகச் செல்பவருக்கு வேறொரு கணக்கு உண்டு. பசிபிக் கடல் வெப்பமாகி இப்பகுதியில் மழை குறையும் எல் நினோ ஆண்டுகளில் ஃப்ளை ஆறு வற்றி, கியுங்கா துறைமுகத்துக்குக் கப்பல்கள் வர முடியாமல் போகும். 1997இலும் 2015இலும் அப்படித்தான் தபூபில் அருகிலுள்ள ஓக் டெடி செம்பு, தங்கச் சுரங்கமே வேலையை நிறுத்த வேண்டியதாயிற்று. சுரங்கத்துக்கே சரக்கு வராதபோது காட்டூர்க் கடையில் அரிசி எப்படி இருக்கும்?

கொண்டுபோகும் பொருள்களில் தண்ணீர் வடிகட்டி, கொசுவலை, சிறிய சூரிய ஒளித்தகடு, அதில் மின்னேற்றும் விளக்கு, நல்ல வெட்டுக்கத்தி ஆகியவற்றுக்கே முதலிடம். சவர்க்காரம், உப்பு, தூண்டில் முள், தூண்டில் நரம்பு, தையல் ஊசி ஆகியன எடை குறைந்த, எல்லா வீட்டுக்கும் பயன்படும் அன்பளிப்புகள். மின்சாதனங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஈரம் அவற்றை விரைவில் தின்றுவிடும். பணத்தைச் சிறு தாள்களாக எடுத்துச் செல்ல வேண்டும், ஏனெனில் 50 கினா (அந்நாட்டு நாணயம்) தாளுக்குச் சில்லறை கொடுக்க ஊரில் எவராலும் இயலாது. மாதச் சம்பளம் பெறப் போகிறவர் இதை இன்னும் கவனமாக யோசிக்க வேண்டும். வங்கி நகரத்தில்தான் இருக்கிறது. சம்பளம் எடுக்கவும் சாமான் வாங்கவும் பறந்துபோன ஆசிரியர், திரும்பி வர இருக்கை கிடைக்காமலோ கட்டணம் கட்ட முடியாமலோ நகரத்திலேயே தங்கிவிட, பள்ளி பூட்டிக் கிடப்பது அந்த நாட்டில் அடிக்கடி நிகழ்வது. இதைச் சோம்பேறித்தனம் என்று எழுதுபவர்களை நான் ஏற்பதில்லை. ஒரு பருவத்துக்கு வேண்டிய பொருளைத் தொடக்கத்திலேயே வாங்கி அனுப்பிவிட்டால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி உங்களைத் தொடாது.

மொழியைப் பொறுத்தவரை தமிழருக்கு ஒரு சிறிய வசதி உண்டு. நாட்டில் 800க்கு மேற்பட்ட மொழிகள் இருப்பதால் ஊர்மொழியை முன்கூட்டியே கற்க வழி இராது. ஆனால் பொதுமொழியான டோக் பிசினைச் சில மாதங்களில் பேசப் பழகலாம். அதில் ‘யூமி’ என்றால் நாம், ‘மிபெலா’ என்றால் நாங்கள். ஆங்கிலம் மட்டும் அறிந்தவர்கள் நெடுங்காலம் தடுமாறும் இந்த வேறுபாடு நமக்கு இயல்பாகவே வரும். கூட்டத்தில் எழுந்து, “மிபெலா பள்ளிக்கூடம் கட்டுவோம்” என்று சொல்வதற்கும் “யூமி கட்டுவோம்” என்று சொல்வதற்கும் உள்ள தூரத்தை அவர்களும் நம்மைப் போலவே உணர்வார்கள்.

ஊரில் இறங்கியதும் யாருடைய நிலத்தில் தங்கப் போகிறீர்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். நாட்டு நிலத்தில் சுமார் 97 விழுக்காடு வழக்காற்று உரிமையாகக் குலங்களிடமே இருக்கிறது. யாருமற்ற காடு போலத் தோன்றும் இடத்துக்கும் உரியவர் இருக்கிறார்; தனியே நிற்கும் ஒரு சவ்வரிசிப் பனைக்கும்கூட அதை நட்ட பாட்டனின் பெயர் இருக்கிறது. விறகு வெட்டவோ, ஓடையில் மீன் பிடிக்கவோ, பாதை மாறி நடக்கவோ முதலில் கேட்க வேண்டும். உங்களுக்கு இடம் கொடுத்த குடும்பமே உங்களைத் தன் ‘வான்டோக்’ என ஏற்றுக்கொள்ளும். ஒரே மொழி பேசுபவர் என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். நடைமுறையில் அது, கேட்டால் கொடுப்பதும் தேவைப்பட்டால் கேட்பதுமான ஓர் ஏற்பாடு. ஆகவே உங்களிடம் பொருள் கேட்பவரைப் பிச்சை கேட்பவராக எண்ணிவிடாதீர்கள். நீங்களும் அவரிடம் கேட்டுப் பழகுங்கள். ‘தினாவ்’ என்று சொல்லி வாங்கும் கடனை மட்டும் இரு தரப்பும் காணும்படி ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.

உணவில் தொடங்கும் அறிமுகமே நீடிக்கும் என்பதால் சவ்வரிசி எடுக்கும் வேலைக்கு ஒருநாளாவது கூடச் செல்லுங்கள். நம் கடைகளில் விற்கும் ஜவ்வரிசி சேலத்துப் பக்கம் மரவள்ளிக் கிழங்கில் செய்யப்படுவது. அப்பெயருக்கு மூலமான மாவு இந்தப் பனையின் தண்டிலிருந்துதான் வருகிறது. இப்பனை வாழ்நாளில் ஒரே முறை பூத்து மடியும். பத்துப் பதினைந்து ஆண்டு சேர்த்த மாச்சத்தையெல்லாம் அந்தப் பூப்புக்கே செலவழித்துவிடும் என்பதால், பூக்கத் தொடங்குமுன் வெட்டுவதில்தான் கைத்திறன் இருக்கிறது. பட்டையை நீக்கி, உட்சோற்றை இடித்துத் துகளாக்கி, மட்டையின் அடிப்பகுதியால் செய்த தொட்டியில் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து, தென்னம் பன்னாடையால் வடிகட்டினால், கீழே வைத்த தொட்டியில் வெள்ளை மாவு படியும். ஒரு மரத்தில் 150 முதல் 300 கிலோ வரை கிடைக்கும். பல இடங்களில் வெட்டுவது ஆண்கள், இடித்துப் பிசைவது பெண்கள். சில நாள் உழைப்பில் ஒரு குடும்பத்துக்குப் பல வாரச் சோறு கிடைத்துவிடுகிறது. பஞ்சமில்லாத ஊர் என்று அதைச் சொல்லலாம். ஆனால் அந்த மாவில் புரதம் ஏறத்தாழ இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். மீன், காட்டுப்பன்றி, வெட்டிய தண்டில் வளரும் வண்டுப் புழுக்கள், வெண்டைக்கு உறவான ‘ஐபிகா’க் கீரை ஆகியன சேர்ந்தால்தான் அது முழு உணவாகிறது. இவை குறையும் வீடுகளில் பெரியவர்கள் வாடாமல் குழந்தைகள் மட்டும் வாடுவதைக் காண்பீர்கள். செவிலியராகச் செல்பவர் எடை பார்க்க வேண்டியது அந்தக் குழந்தைகளைத்தான்.

விருந்தாளி உண்ணும் ஒவ்வொரு கட்டி மாவும் யாரோ ஒரு பெண்ணின் தோள்வலி. அரிசியும் தகர டப்பா மீனும் கொண்டுபோய் அந்த வீட்டு அடுப்பிலேயே கொடுத்துவிட்டுச் சேர்ந்து உண்ணுங்கள். தனியே சமைத்து உண்பது நல்ல பெயர் தராது. மாலையில் பாக்கு நீட்டினால் வாங்கிக்கொள்ளலாம். சுண்ணாம்பும் உண்டு, வெற்றிலைக்குப் பதில் அதே கொடியின் காய்க்கதிரைக் கடிப்பார்கள். சுண்ணாம்பு நம் ஊர் அளவைவிடக் கடுமையாக இருக்கும், நாக்கு வெந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நோயைப் பற்றி அச்சுறுத்தாமல் சொல்வது கடினம். தாழ்நிலக் காட்டில் மலேரியா ஆண்டு முழுவதும் இருக்கிறது. ஃபால்சிபாரம், வைவாக்ஸ் என இரு வகையும் உண்டு. வைவாக்ஸ் கல்லீரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்தும் திரும்பும். அதை வேரறுக்கும் பிரைமாகுவின் மாத்திரை, ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு உள்ளவர்களின் இரத்த அணுக்களை உடைத்துவிடக்கூடும். ஆகவே புறப்படுமுன் இங்கேயே அந்த இரத்தப் பரிசோதனையைச் செய்து, முடிவை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தடுப்பு மாத்திரையை மருத்துவர் சொன்னபடி திரும்பி வந்த பின்னும் தொடர வேண்டும். ‘எய்ட் போஸ்ட்’ எனப்படும் ஊர் மருந்தகத்தில் பணியாளர் இருந்தால் மருந்து இராது, மருந்து வந்த வாரத்தில் பணியாளர் இருக்கமாட்டார் என்ற நிலை அரிதன்று. பாம்புக்கடிக்கு எதிர்மருந்து அங்கே இருக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். இழுத்தால் நீளும் அகலமான மீள்துணிக் கட்டுகளை உடன் வைத்திருந்து, கடிபட்ட கை அல்லது கால் முழுவதையும் இறுக்கிச் சுற்றி, அசையாமல் கட்டை வைத்துக் கட்டும் முறையைப் பழகிக்கொள்ளுங்கள். நீண்ட இருமல் உள்ளவரைச் சோதனைக்கு அனுப்பத் தயங்காதீர்கள். டாருவில் பல மருந்துகளுக்கும் கட்டுப்படாத காசநோய் பரவி, 2014இல் அவசர நடவடிக்கை தேவைப்பட்ட மாகாணம் இது.

பேச்சில் இரண்டு எச்சரிக்கைகள் போதும். பல சமூகங்களில் சம்பந்த வழி உறவினரின் பெயரை வாய்விட்டுச் சொல்வது விலக்கு. அந்த உறவுக்கும் விலக்குக்கும் டோக் பிசினில் ‘தம்பு’ என்ற ஒரே சொல்தான். நம் தம்பியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டாவது, ஒரு சாவு நேர்ந்தால் “எதனால் இறந்தார்” என்று கூட்டத்தில் கேட்காதீர்கள். சூனியக் குற்றச்சாட்டு உயிரைப் பறிக்கும் அளவுக்குப் போகக்கூடும். சூனியத்தைக் காரணமாகக் காட்டித் தண்டனையைக் குறைத்துக்கொள்ள இடம் தந்த 1971ஆம் ஆண்டுச் சட்டத்தை நாடாளுமன்றம் 2013இல் நீக்கிய பின்னும் அந்த அச்சம் நீங்கவில்லை.

இனி, எதிர்காலம். சில மாதங்கள் ஆனபின், “எங்களுக்குப் பணம் வர என்ன வழி?” என்று கேட்பார்கள். பள்ளிச் செலவுக்கும் மருந்துக்கும் விமானக் கட்டணத்துக்கும் பணம் வேண்டும். மற்றபடி காடு தருகிறது. விடை சொல்லுமுன் ஒரே ஒரு வகுத்தல் கணக்குப் போடுங்கள். நகரத்தில் ஒரு கிலோவுக்குக் கிடைக்கும் விலையை, ஒரு கிலோவை அங்கே அனுப்பும் கூலியால் வகுக்க வேண்டும். விடை ஒன்றுக்கும் கீழே இருந்தால் அனுப்ப அனுப்ப நட்டம். மூன்றைத் தாண்டாதவரை விதை கொடுக்காதீர்கள் என்பது என் அளவுகோல். விமானம் வராத வாரங்களுக்கும் விலை சரியும் ஆண்டுகளுக்கும் அந்த இடைவெளி வேண்டும். வாழைப்பழம், சவ்வரிசி, நிலக்கடலை மூன்றும் இந்தக் கணக்கில் உடனே தோற்றுவிடும். ஆற்றங்கரை ஊர் என்றால் படகுக் கூலியைப் போட்டுப் பார்க்க வேண்டும். அப்போது ரப்பர் போன்றவையும் தேறக்கூடும்.

வனிலா இந்தக் கணக்கில் வெல்லும் பயிர். ஆனால் விலை உச்சத்தில் இருந்தபோது, 2000களின் தொடக்கத்தில், கிழக்கு செபிக் மாகாணத்தில் வீட்டுக்கு வீடு அதை நட்டு, சில ஆண்டுகளில் விலை விழுந்ததும் கைவிட்ட வரலாறு உண்டு. கொடி நன்றாகப் பூக்கச் சற்று வறண்ட பருவம் தேவை. ஆண்டு முழுதும் மழை கொட்டும் மேற்கு மாகாணத்தின் வடபகுதியில் கொடி இலையாகவே வளர்ந்து வேரழுகி நிற்கலாம். பூத்தாலும் ஒவ்வொரு பூவையும் அன்று காலையே கையால் மகரந்தச் சேர்க்கை செய்ய வேண்டும். முற்ற ஒன்பது மாதம் ஆகும். ஐந்தாறு கிலோ பச்சைக் காய் பதப்பட்டால் ஒரு கிலோ. பத்துக் கொடிகளை இரண்டு ஆண்டு வைத்துப் பார்த்த பிறகே ஊருக்குச் சொல்லுங்கள்.

அகில் மரத்தின் கதை வேறு. பூஞ்சை தாக்கிய மரத்தில் மட்டுமே மணமுள்ள பிசின் ஊறும். அதை அறியாமல் நல்ல மரங்களையும் வெட்டித் தள்ளினால் அடுத்த தலைமுறைக்கு ஒன்றும் மிஞ்சாது. முதலைத் தோலுக்கு நெடுங்கால ஒழுங்குமுறை இருக்கிறது. வயிற்றுப்பகுதி அகலம் 18 சென்டிமீட்டருக்குக் குறைந்தாலும் 51 சென்டிமீட்டரைத் தாண்டினாலும் விற்கக் கூடாது. பெரிய முதலைகள் முட்டையிடத் தப்பி நிற்கின்றன. இவ்வகையில் அறிவுரையைவிட அளவுநாடாவே ஊருக்கு அதிகம் பயன்படும்.

மரம் வெட்டும் நிறுவனம் ஒன்று காகிதத்தோடு வந்து நிற்கும் நாள்தான் கடினமானது. ‘சிறப்பு வேளாண், வணிகக் குத்தகை’ என்ற பெயரில் சுமார் 50 லட்சம் ஹெக்டேர் வழக்காற்று நிலம் கைமாறி, அதை ஆராய 2011இல் விசாரணை ஆணையமே அமைக்கப்பட்டது. சாலை வரும், பள்ளி வரும் என்ற வாக்குறுதியோடு வந்த குத்தகைகள் அவை. விமானக் கூலியில் நொந்துபோன மக்களுக்குச் சாலை என்ற சொல்லின் ஈர்ப்பை வெளியாள் ஏளனம் செய்யலாகாது. விருந்தாளியாகிய நீங்கள் கையொப்பமிடு என்றோ வேண்டாம் என்றோ சொல்லும் இடத்தில் இல்லை. காகிதம் முழுவதையும் பெண்கள் உள்ளிட்ட எல்லாரும் கேட்க உரக்கப் படித்துக் காட்டலாம். குத்தகை எத்தனை ஆண்டு, எந்த ஓடை முதல் எந்த ஓடை வரை என்ற இரண்டையும் தரையில் வரைந்து காட்டலாம்.

திரும்பும் நாளை ஒரு மாதம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். கடன்கள் தீரவும் பரிசுகள் பின்னப்படவும் அவ்வளவு நாள் ஆகும். கத்தி, விளக்கு, பானைகளை உங்களுக்கு இடம் கொடுத்த குடும்பத்தின் வழியாகப் பகிருங்கள், நீங்களே கையால் பிரித்துக் கொடுத்தால் பிணக்கு வரும். வந்தபோது 40 கிலோவுக்குக் கட்டணம் கட்டியிருந்தால், போகும்போதும் 40 கிலோவுக்கே கட்டிவிட்டு, உங்கள் பைகளை ஐந்து கிலோவுக்குள் அடக்குங்கள். மீதி 35 கிலோவில் யாருடைய வனிலா ஏறும், கியுங்கா மருத்துவமனைக்குப் போகும் எந்தக் குழந்தை ஏறும் என்பதை ஊரார் முடிவு செய்துகொள்வார்கள்.