வீராணத்துக் கரையா உங்கள் ஊர்? வரலாறு எழுத இப்படித் தொடங்குங்கள்

கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் சொல்கிறேன்: எடுத்த எடுப்பில் ஸ்தலபுராணம் கேட்கப் போகாதீர்கள். முதலில் 'அ' பதிவேட்டை, அதாவது கிராமத்தின் நிலக் கணக்குப் பதிவேட்டைப் பாருங்கள். எது நஞ்சை, எது புஞ்சை, தீர்வை (நிலவரி) எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். எந்தப் பசலியில் (ஜூலையில் தொடங்கும் வருவாய்த்துறை ஆண்டு) என்ன பயிர் என்பதை அடங்கல் என்னும் பயிர்க் கணக்கு சொல்லும். ஆங்கில ஆண்டு தெரியப் பசலியோடு 590-ஐக் கூட்டுங்கள்; 1434 என்றால் 2024 ஜூலையில் தொடங்கியது. பழைய பத்திரங்களில் நில அளவு மா, வேலி என்றுதான் வரும். மா சுமார் 33 சென்ட், 20 மா ஒரு வேலி.

அடுத்து கல்வெட்டு. வீராணம் ஏரி சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தது. வீரநாராயணன் என்பது அவன் பட்டப்பெயர்; அதிலிருந்து வந்ததுதான் வீராணம். கோயில் சுவரெழுத்து புரியாவிட்டால் தொல்லியல் துறையின் கல்வெட்டுத் தொகுதிகளில் ஊர்ப்பெயரைத் தேடுங்கள். சுவரில் சுண்ணாம்பு அடித்திருந்தால் சுரண்டிப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம்.

பொருளாதாரம் நடவாட்கள் வாயில்தான் இருக்கிறது. "வருமானம் எவ்வளவு ஆயா?" என்றால் பேச்சு அதோடு சரி. "அப்பல்லாம் கூலி நெல்லா, காசா? எத்தனை மரக்கா குடுப்பாங்க?" என்று கேளுங்கள் (மரக்கா என்பது நெல் அளக்கும் மரக்கால்), கொட்டும். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் முன்னால், ஈரம் காயுமுன் நின்ற பயிருக்குள்ளேயே உளுந்து தெளிப்பார்கள், கைச்செலவுக்கு அதுதான். அதையும் மீன் குத்தகையையும் விடாதீர்கள். 2004-லிருந்து ஏரித் தண்ணீர் சென்னைக்குப் போவதைப் பற்றி டீக்கடையில் கேட்டால், சாயங்காலம் வரை எழுந்திருக்க முடியாது.

சொன்னவர் பெயரைப் போடுமுன் சம்மதம் கேளுங்கள். நிலத்தகராறு உள்ள வீடென்றால் போடவே வேண்டாம்.