காகிதப்பூ போன்சாய்: கடற்கரை ஊர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன்சாய் வளர்க்கத் தொடங்கியவர்கள் என்னிடம் கொண்டுவந்து காட்டும் செடிகளைப் பார்க்கும்போது, ஒரு காலத்தில் நாங்களெல்லாம் செய்த அதே பிழைகள் வரிசை மாறாமல் திரும்பி வருவது தெரிகிறது. செடிக்கு வெயில் வேண்டும், தொட்டியில் துளை வேண்டும் என்பவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

குளிர்நாட்டு மரத்துக்கு ஆசைப்படுவது

வெண்பூ பூத்த ஹாதார்ன் போன்சாயைப் படத்தில் பார்த்துவிட்டு அதன் விதையை வரவழைப்பவர்கள் உண்டு. உறைநிலையை ஒட்டிய குளிரில் பல வாரங்கள் உறங்கி எழுந்தால்தான் அந்த மரம் ஒழுங்காகத் துளிர்த்துப் பூக்கும். இரவில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிதான இராமநாதபுரம் கடற்கரையில் அதற்கு வழியில்லை. முள்ளும் பூவும் முறுக்கேறிய அடிமரமும்தான் வேண்டுமென்றால், தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் வெயிலுக்குப் பழகிவிட்ட காகிதப்பூ இருக்கிறது.

உப்புநீரை அளந்து அளந்து ஊற்றுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சலூட்டுகிற தவறு இதுதான். கீழக்கரையில் ஒரு வீட்டு மாடிக்கு என்னை அழைத்துப் போனார்கள். இரண்டு சாண் நீளத் தட்டில், பரந்த வேர்ப்பிடிப்போடு, பல ஆண்டுகள் தரையில் வளர்ந்து பருத்த அடிமரம். இலையோரங்களெல்லாம் பழுப்பேறிக் காய்ந்து சுருண்டிருந்தன. “காக்கா (அண்ணன்), ஒரு நாள்கூடத் தண்ணீர் விடத் தவறியதில்லை, போன வாரம்தான் உரமும் வைத்தேன்” என்றார் அந்தத் தம்பி. தட்டின் விளிம்பைச் சுற்றி வெள்ளைப் பொருக்குப் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னேன், கரித்தது. அவர் ஊற்றி வந்தது, வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீர். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் கிணற்றுநீரில் உள்ள உப்பு மேலும் செறிந்து வெளிவருவதுதான் அந்த நீர். செடியின் ஒரு பக்கத்தை மட்டுமே காப்பாற்ற முடிந்தது.

கிணற்றுநீரையே ஊற்றியிருந்தாலும், மேல்மண் நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றினால் முடிவு சற்றுத் தாமதமாக வந்திருக்கும், அவ்வளவுதான். லிட்டருக்கு 1,500 மில்லிகிராம் கரைபொருள் உள்ள நீர் என்று வைத்துக்கொள்வோம். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஏற்கத்தக்கதாகக் குறித்திருக்கும் அளவு 500. அந்த நீரை நாளுக்கு அரை லிட்டர் வீதம், அடித்துளை வழியே ஒரு சொட்டும் வெளியேறாமல் ஊற்றி வந்தால், மாதத்துக்கு 22 கிராமுக்கு மேல் உப்பு தட்டிலேயே தங்கிவிடும். நீரில் ஒரு பங்கைச் செடி எடுத்துக்கொள்கிறது, மறு பங்கை வெயில் இழுத்துக்கொள்கிறது, உப்பில் பெரும்பகுதி இருந்த இடத்திலேயே கிடக்கிறது. வாலிநோக்கத்து உப்பளப் பாத்தியில் நடப்பதும் இதுவே. அங்கே தெரிந்து செய்கிறார்கள்.

உப்பின் செறிவு கூடக்கூட, மண் ஈரமாக இருந்தும் வேரால் நீரை இழுக்க முடியாமல் போய், செடி தாகத்தில் வாடுகிறது. அந்த வாட்டத்தை உரக்குறை என்று எண்ணி டி.ஏ.பி. குருணையை அள்ளி வைக்கிறார்கள். கரையும் உரமும் ஓர் உப்பே என்பது அப்போது நினைவுக்கு வருவதில்லை. காகிதப்பூ உப்பைத் தாங்கும் செடியாயிற்றே என்று வாதிடுபவர்கள், தரையில் வேரோடிய செடியைப் பார்த்துப் பேசுகிறார்கள். மூன்று நான்கு விரற்கடை ஆழமே உள்ள தட்டில் வேருக்கு ஒதுங்க இடம் ஏது?

எப்போது ஊற்றினாலும் அடித்துளையில் தாராளமாக வடியும்வரை ஊற்ற வேண்டும். வடிந்த நீரைக் கீழே வைத்த ஏனத்தில் தேங்கவிட்டு மண் திரும்ப உறிஞ்சும்படி செய்யக் கூடாது. அவ்வப்போது, தட்டு கொள்ளும் மண்ணின் அளவைப் போல் இரண்டு மூன்று மடங்கு நல்ல நீரை மெதுவாக ஊற்றிக் கழுவிவிட வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையை மாடிக் குழாயிலிருந்து பீப்பாயில் பிடித்து மூடி வைத்தால், அதற்கு அது போதும். நீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்; ஒன்றை வாங்கி, ஊற்றும் நீரை மட்டுமல்லாமல் வடிந்து வரும் நீரையும் அளந்து பாருங்கள். பின்னது மிகவும் கூடியிருந்தால் கழுவும் நாள் வந்துவிட்டது என்று பொருள். கழுவாத தென்னைநார்த் தூளிலும் உப்பு உண்டு என்பதால், அதை நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே கலவையில் சேர்க்க வேண்டும். கண்மாய் வண்டல் வயலுக்கு நல்லது; தட்டில் அது நீரை வடியவிடாது. உடைத்துச் சலித்த செங்கல் துண்டும் ஆற்றுமணலும் மிகுதியாக, மட்கிய எரு குறைவாகக் கலந்ததே இங்கே ஒத்துவருகிறது.

கடல் மணல்

கூடாது. கழுவினால் உப்பு போகும், சிப்பிச் சுண்ணாம்பு போகாது.

ஓயாமல் நுனி கிள்ளுவது

காகிதப்பூ புதுத் தளிரின் நுனிப்பக்கத்தில்தான் பூக்கிறது; நாம் நிறத்துக்காக விரும்பும் இதழ்கள் உண்மையில் பூவடிச் செதில்கள், நடுவிலிருக்கும் சிறு வெண்குழலே பூ. வடிவம் கலையக் கூடாதென்று வாரந்தோறும் நுனியைக் கிள்ளுகிறவர், வரவிருந்த பூவைத்தான் கிள்ளி எறிகிறார். ஒரு பூப்பு முடிந்ததும் ஒரே முறையாகக் கவாத்து செய்துவிட்டு, தளிர்களை நீளவிட்டு, அவை முற்றத் தொடங்கியதும் இலை சற்றே தொங்கும்வரை நீரைக் குறைத்தால் மொட்டு வைக்கும். நீரைக் குறைக்கும் முன் தட்டை மழைநீரால் கழுவிக்கொள்ளுங்கள். இல்லையெனில் காயும் மண்ணில் உப்பு இன்னும் செறியும்.

அடிமரம் பருக்கும் முன் தட்டுக்கு மாற்றுவது

அவசரம் வேண்டாம். தட்டுக்குப் போனபின் அடிமரம் பருப்பது ஏறத்தாழ நின்றுவிடும்.

வேரைக் கழுவி மண்ணை முழுதும் உதிர்ப்பது

மற்றச் செடிகளில் செல்லுபடியாவது இங்கே ஆகாது, ஏனெனில் காகிதப்பூவின் வேர்கள் மெல்லியவை, தொட்டால் ஒடிபவை. தாய்மண்ணில் பாதியையாவது விட்டுவைத்து, கச்சான் காற்று (மேல்காற்று) ஓங்கி வீசாத காலம் பார்த்து மாற்றி, புதுத் தளிர் தெரியும்வரை நிழலோரம் வைத்திருங்கள். பெரிய கிளையை வெட்ட நேர்ந்தால் காயத்தை மூடும் பசை பூசிவிடுங்கள். இதன் கட்டை மென்மையானது, மழைநீர் இறங்கினால் உள்ளே அழுகும்.