மீனுக்கு உடம்பு சரியில்லையா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து தொட்டியைச் சுத்தம் செய்தேன். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பழுப்பு நிறம் போகும்வரை பிழிந்தேன். சரளைக் கல்லையும் அலசிப் போட்டேன். புதன்கிழமை காலையில் பார்த்தால், ஏழு பிளாட்டி மீன்களும் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தன. ஏதோ நோய் என்று நினைத்து நீல மருந்தை ஊற்றினேன். வெள்ளிக்கிழமைக்குள் நான்கு இறந்துவிட்டன. அவற்றுக்கு நோயே இல்லை. தண்ணீரில் அம்மோனியா ஏறியிருந்தது. அதைத் தின்று தீர்க்கிற பாக்டீரியாவை நானே ஞாயிறன்று கழுவிக் கொட்டியிருந்தேன். போதாததற்கு, மிச்சமிருந்த பாக்டீரியாவையும் மருந்து அழித்துவிட்டது.

அன்றிலிருந்து மீன் ஒன்று வாடினால் நான் முதலில் எடுப்பது டெஸ்ட் கிட்டைத்தான். சொட்டு மருந்து வகைக் கிட் நல்லது. காகிதப் பட்டை தோராயமாகத்தான் காட்டும். பார்க்க வேண்டியவை அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.ஹெச் (தண்ணீரின் அமில-காரத் தன்மை). மீன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. கழிவும் தின்னாத தீனியும் அழுகி இன்னும் சேர்க்கின்றன. ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், வேறொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. புதுத் தொட்டியில் இந்தக் கூட்டம் வளர 4 முதல் 6 வாரம் ஆகும். தொட்டி வாங்கிய மாதமே மீன்கள் இறப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாக இருக்க வேண்டும். நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமைத் தாண்டவிடாதீர்கள். 20-க்குள் வைத்தால் எனக்கு நிம்மதி. பி.ஹெச்சையும் ஏன் பார்க்கச் சொல்கிறேன் என்றால், அம்மோனியாவின் நஞ்சு அதைப் பொறுத்தது. 25 டிகிரி செல்சியஸில் பி.ஹெச் 7 என்றால், மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது. 8 ஆனால் ஐந்து பங்கைத் தாண்டிவிடும். கிட் ஒரே நிறத்தைக் காட்டினாலும் ஒரு தொட்டியில் மீன் தாங்கும், இன்னொன்றில் செத்துவிடும்.

அம்மோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம் காட்டினால் பாதித் தண்ணீரை மாற்றுங்கள், 1 ஆகும். மறுநாள் இன்னொரு பாதி. தீனியை இரண்டு மூன்று நாள் நிறுத்திவிடுங்கள். வளர்ந்த மீனுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஏர் பம்ப் இரவு பகல் ஓடட்டும். நைட்ரைட் ஏறியிருந்தால் லிட்டருக்கு 1 கிராம் உப்பு உதவும்: நைட்ரைட் செவுள் வழியே ரத்தத்துக்குள் போவதை உப்பிலுள்ள குளோரைடு தடுக்கிறது. ஒரு எச்சரிக்கை. மாதக்கணக்கில் தண்ணீரே மாற்றாத தொட்டியில் திடீரென்று பாதியை மாற்றினால், அந்த அதிர்ச்சியிலேயே மீன் விழுந்துவிடும். அங்கே அம்மோனியா இல்லையென்றால், நாளுக்குப் பத்தில் ஒரு பங்காக மாற்றி வாருங்கள்.

ஊற்றுகிற தண்ணீரும் முக்கியம். ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். ஆனால் குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) கலந்த தண்ணீரில் அது அப்படிப் போகாது. அதற்குக் குளோரின் நீக்கி சேர்த்தே ஆக வேண்டும். வெறும் சோடியம் தயோசல்பேட் குளோரமைனை உடைத்தாலும் அம்மோனியா மிஞ்சும். அதனால் அம்மோனியாவையும் கட்டுப்படுத்துகிற வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

சரி, தண்ணீர் சுத்தமாக இருக்கிறது, மீன் இன்னும் நன்றாக இல்லை. அப்போதுதான் நோய்.

அதிகம் வருவது வெள்ளைப் புள்ளி நோய். உடம்பிலும் துடுப்பிலும் உப்புத் தூள் தூவியது போலிருக்கும், மீன் கல்லில் உடம்பைத் தேய்க்கும். ஆண் தங்கமீனின் செவுள் மூடியிலும் முன் துடுப்பிலும் மட்டும் ஒழுங்காக வெள்ளைப் புள்ளிகள் வந்தால் அது நோயல்ல, இனப்பெருக்கக் காலத்து அடையாளம். அதற்கு மருந்து ஊற்றாதீர்கள்.

இந்த ஒட்டுண்ணி மீனின் தோலுக்கடியில் இருக்கும்போது எந்த மருந்தும் அதைத் தொடாது. வளர்ந்ததும் உதிர்ந்து தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். அவை நீந்தி அடுத்த மீனைத் தேடுகிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் மருந்து வேலை செய்யும். எனவே இரண்டாம் நாளே புள்ளி மறைந்துவிட்டது என்று நிறுத்தினால் அடுத்த வாரம் இரட்டிப்பாகத் திரும்பி வரும். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடருங்கள்.

வெப்பமண்டல மீன்களுக்கு நான் செய்வது இது: சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரி வீதம் 30 டிகிரி வரை சூட்டை ஏற்றுவேன். அந்தச் சூட்டில் ஒட்டுண்ணியின் சுழற்சி வேகமாக முடியும். பெரும்பாலும் அது பெருகவும் திணறும். கூடவே லிட்டருக்கு 2 கிராம் உப்பு, இரண்டு நாளில் பிரித்துக் கரைத்து. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால் கூடுதலாக ஒரு ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்). தங்கமீனுக்கு இவ்வளவு சூடு வேண்டாம். மாலகைட் கிரீன் கலந்த மருந்தே போதும். கோரிடோரஸ், லோச் போன்ற மீன்களும் செடிகளும் உப்பை அவ்வளவாகத் தாங்காது.

உப்பு ஆவியாகாது. 60 லிட்டர் தொட்டியில் 15 லிட்டர் எடுத்தால், அந்த 15 லிட்டருக்கான உப்பை மட்டும் சேர்க்க வேண்டும். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். தண்ணீர் நிற்கிற உயரத்தை அளந்து, கல்லுக்கும் பொருள்களுக்கும் பத்தில் ஒரு பங்கு கழித்துவிடுங்கள். தொட்டி வந்த பெட்டியில் அச்சிட்ட லிட்டர் அளவை நம்பி மருந்து ஊற்றினால் மீனுக்கு அதிகமாகிவிடும்.

மருந்து போடும்போது ஃபில்டரிலிருந்து கரியை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மருந்தைக் கரியே உறிஞ்சிவிடும். செம்பு கலந்த மருந்து இறாலையும் நத்தையையும் கொல்லும். மெத்திலீன் ப்ளூ பாக்டீரியாவையும் செடியையும் கெடுக்கும். அதைப் பெரிய தொட்டியில் ஊற்றவே கூடாது. இதற்காகவே 20 லிட்டர் பிளாஸ்டிக் டப் ஒன்று வைத்திருக்கிறேன். உள்ளே ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டு. அதில் தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றி, எடுத்த அளவுக்கு மருந்து சேர்ப்பேன்.

துடுப்பு ஓரம் வெளுத்து நார்நாராகக் கிழிந்தால் அழுகல். ஆரம்பத்தில் சுத்தமான தண்ணீரே பாதி வைத்தியம். சுத்தமாக வெட்டியது போலிருந்தால் இன்னொரு மீன் கடிக்கிறது என்று அர்த்தம். தங்கமீன் தலைகீழாக மிதந்தால் மூன்று நாள் தீனி நிறுத்தி, பிறகு வேகவைத்துத் தோலுரித்த பட்டாணி கொடுத்துப் பாருங்கள். உடம்பு உப்பிச் செதில்கள் விரிந்து நிற்கும் மீன் பெரும்பாலும் பிழைப்பதில்லை. அதைத் தனியாக எடுத்து, வெளிச்சம் குறைத்து, அமைதியாக விடுங்கள். அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரவுகள் எனக்கு உண்டு.

வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். ஆவியானதற்கு ஊற்றுவது இந்தக் கணக்கில் சேராது. சைஃபனால் கல்லுக்கிடையே உள்ள கழிவை உறிஞ்சுங்கள். ஸ்பாஞ்சை, எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே லேசாகப் பிழியுங்கள், பழுப்பு மிச்சமிருக்கட்டும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போடுங்கள். மீனிடமிருந்து மனிதத் தோலுக்கு வரும் பாக்டீரியா உண்டு. புதிதாக வரும் மீன் எவ்வளவு துறுதுறுவென்று இருந்தாலும் மூன்று வாரம் அந்த டப்பில்தான் இருக்க வேண்டும், அதற்கென்று தனி வலையோடு. அது வந்த பையின் தண்ணீரைப் பெரிய தொட்டியில் ஒரு சொட்டும் விடாதீர்கள்.