மூணாறு பக்கம் இரண்டு பெட்ரூம் டைம்ஷேர் வில்லா: கூட்டமாகப் போகும்போது எந்த அமைப்பை எடுப்பது?

தேனி, போடி, கம்பம் பக்கமிருந்து தாத்தா பாட்டி, இரண்டு மகன்கள் குடும்பம் என்று எட்டுப் பேராக மூணாறுக்கோ சின்னக்கானலுக்கோ கிளம்புகிறவர்கள், டைம்ஷேர் (முன்பே பணம் கட்டி, ஆண்டுதோறும் சில நாட்கள் ரிசார்ட்டில் தங்கும் உரிமை வாங்கும் திட்டம்) கணக்கில் வில்லா கேட்கும்போது கட்டில்களைத்தான் முதலில் எண்ணுகிறார்கள். அதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்திருக்கிற எவரும், தூங்குகிற இன்னொருவரைத் தாண்டாமல் பாத்ரூம் போய் வர முடியுமா? வில்லாவின் அமைப்பு சரியா தவறா என்பதைப் பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியே சொல்லிவிடும்.

ஆர்.சி.ஐ. போன்ற பரிமாற்ற நிறுவனங்கள் (நம் டைம்ஷேர் நாட்களை வேறு ரிசார்ட்டுக்கு மாற்றித் தருபவை) ஒரு யூனிட்டுக்கு இரண்டு எண்கள் கொடுப்பது இதனால்தான். அதிகபட்சம் எத்தனை பேர் தங்கலாம் என்பது ஒன்று. அடுத்தவர் படுக்கும் இடத்தின் வழியாகப் போகாமல் எத்தனை பேர் தனியாகப் படுக்கலாம் என்பது மற்றொன்று. 8, 4 என்று போட்டிருந்தால் நான்கு பேருக்குத்தான் அறை, மீதி நான்கு பேர் ஹாலில். பெரியவர்கள் நாலு, சின்னப் பிள்ளைகள் நாலு என்றால் அது போதும். ஆறு பேர் பெரியவர்கள் என்றால் போதாது, இரண்டாவது எண் 6 ஆக இருக்க வேண்டும்.

இரண்டு பெட்ரூம் என்ற ஒரே பெயரில் நாலு விதமான அமைப்பு வருகிறது. முதலாவதில் இரண்டு அறையும் ஒட்டி ஒட்டி இருக்கும், முன்னால் ஹால். பெரும்பாலும் ஓர் அறைக்குத்தான் அட்டாச்டு பாத்ரூம், மற்ற பாத்ரூம் ஹாலில் திறக்கும். ஹாலில் சோபா கம் பெட்டை இழுத்து விரித்தால் சுவரிலிருந்து ஆறரை, ஏழு அடி வரை போய்விடும். பத்தடி அகல ஹாலில் எதிர்ச் சுவரோரம் டிவி மேசை ஒன்றரை அடி. மிஞ்சுவது ஒன்றரை, இரண்டு அடிச் சந்து. இரண்டாவது அறையில் படுத்திருக்கிற பாட்டி இருட்டில் அந்தச் சந்தில் நடந்துதான் பாத்ரூம் போக வேண்டும். ஹாலில் யாரும் படுக்காத நாலைந்து பேர் கூட்டத்துக்கு மட்டும் இது சரி.

இரண்டாவது அமைப்பில் ஹால் நடுவில், அறைகள் இரண்டு பக்கமும், ஒவ்வொன்றுக்கும் தனி பாத்ரூம். அண்ணன் தம்பி குடும்பங்கள் சேர்ந்து போக இதைவிட நல்லது கிடையாது. ஒரு பக்கம் குழந்தை அழுதாலும் நடுவில் ஹால் இருப்பதால் மறுபக்கம் சத்தம் அவ்வளவாகப் போகாது.

மூன்றாவது டூப்ளெக்ஸ்: கீழே ஹால், மேலே அறைகள். படத்தில் அழகாகத் தெரியும். முழங்கால் வலி உள்ளவர் ஒருவர் கூட வந்தாலும் கீழே படுக்கையும் பாத்ரூமும் உண்டா என்று கேட்காமல் எடுக்காதீர்கள். மாடிப்படிக்குத் தடுப்புக் கதவு இல்லையென்றால் தவழுகிற குழந்தைக்கும் இது ஆகாது.

நான்காவது லாக்-ஆஃப். ஒரு பெட்ரூம் வில்லாவும் ஒரு ஸ்டூடியோவும் (தனி ஹால் இல்லாத ஒற்றை அறை) நடுவில் இணைப்புக் கதவோடு ஒட்டி இருக்கும், இரண்டுக்கும் தனி வாசல். ஸ்டூடியோ பக்கம் தனி பாத்ரூமும் சின்ன பேன்ட்ரியும் இருப்பது வழக்கம். சீக்கிரம் படுக்கிற தாத்தா பாட்டியை ஸ்டூடியோவில் விட்டால் மற்றவர்கள் பத்து மணி வரை பேசிக்கொண்டிருக்கலாம். திட்டம் அனுமதித்தால் ஒரு வருடம் இரண்டு பாதியையும் வேறு வேறு வாரத்துக்குப் பிரித்தும் எடுக்கலாம். குறை எங்கே என்றால், இணைப்புக் கதவில் பெரும்பாலும் இரண்டு பலகை, பக்கத்துக்கு ஒரு பூட்டு. இரண்டையும் திறந்து வைக்கச் சொல்லி முன்கூட்டியே ரிசப்ஷனுக்குச் சொல்லாவிட்டால், போய் இறங்கியதும் சாவிக்காகக் காத்து நிற்க வேண்டிவரும். அந்தக் கதவு வழியாகச் சத்தமும் கசியும்.

அமைப்பு எதுவானாலும் பாத்ரூம் எண்ணிக்கையில் விட்டுக்கொடுக்காதீர்கள். மூணாறு சுமார் 1,600 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரியில் வெந்நீர் இல்லாமல் யாரும் குளிக்கப்போவதில்லை. 15 லிட்டர், 2 கிலோவாட் கீசர் அந்தக் குளிர்ந்த தண்ணீரைச் சூடாக்க 20 முதல் 25 நிமிடம் எடுக்கும். விளாவினால் ஒன்றரை வாளி தேறும். எட்டுப் பேருக்கு ஆளுக்கு ஒரு வாளி என்றாலும் ஒரே பாத்ரூமில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், இரண்டில் ஒரு மணி சொச்சம், மூன்றில் முக்கால் மணி. காலையில் இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குக் கிளம்ப வேண்டிய கூட்டத்துக்கு இந்தக் கணக்குதான் முதல் சண்டை. பிப்ரவரி, மார்ச்சில் வரையாடுகள் குட்டி போடும் காலம் என்று பூங்காவை வழக்கமாக மூடிவிடுவார்கள், அதையும் பார்த்துத் தேதி போடுங்கள்.

அடுத்தது படிகள். இங்கே ரிசார்ட்டுகள் சரிவில் கட்டியவை. வண்டி நிற்கும் இடத்திலிருந்து வில்லா வாசல் வரை எத்தனை படி, கைப்பிடி உண்டா என்று எண்ணிக்கையோடு கேளுங்கள். "கொஞ்சம்தான் சார்" என்பது பதில் ஆகாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழையில் பாசி பிடித்த கல்படி வயதானவர்களுக்கு உண்மையாகவே ஆபத்து.

இரண்டு பெட்ரூம் கிடைக்கவில்லை, இரண்டு ஒற்றை யூனிட் தருகிறோம் என்பார்கள். பகல் முழுக்க வெளியே சுற்றும் கூட்டத்துக்குப் பரவாயில்லை. ஆனால் சின்னக்கானல், ஆனையிறங்கல் பக்கம் ராத்திரி ஒரு பிளாக்கிலிருந்து இன்னொரு பிளாக்குக்கு நடப்பது வேண்டாம், யானை நடமாடும் இடம் அது. அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை 2023 ஏப்ரலில் பிடித்தது அங்கேதான். அடுத்த மாதமே கம்பத்துக்குள் வந்ததால் நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. "பக்கத்தில் தருகிறோம்" என்றால் விடாமல் கேளுங்கள்: ஒரே சுவரா, இணைப்புக் கதவு உண்டா?

சமையலறையை நம்பி அரிசி பருப்பு மூட்டை கட்டுவதற்கு முன் அடுப்பு இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். பல இடங்களில் கெட்டிலும் மைக்ரோவேவும் மட்டும்தான்.

பதிவு செய்யும்போது வில்லா வகையின் பெயரை மட்டும் நம்பாமல் தரைப்படத்தை வாட்ஸப்பில் வாங்குங்கள். அதில் ஒவ்வொருவர் பெயரையும் படுக்கையில் எழுதி, அங்கிருந்து பாத்ரூமுக்கு ஒரு கோடு போடுங்கள். கோடு இன்னொரு பெயரைக் குறுக்கே வெட்டினால் ஆளை மாற்றிப் போட்டுப் பாருங்கள். மாற்றியும் வெட்டினால் வேறு அமைப்புக்குப் போங்கள். ஏப்ரல், மே விடுமுறையிலும் பூஜை விடுமுறையிலும் இரண்டு பெட்ரூம் வில்லாக்கள்தான் முதலில் தீரும், எண்ணிக்கையே குறைவு. ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் பாக்கி இருந்தால் பதிவை ஏற்காத திட்டங்கள் உண்டு, அதை முன்பே கட்டிவிடுங்கள். எந்த வயது வரை குழந்தைக் கணக்கு, கூடுதல் ஆளுக்கு என்ன கட்டணம் என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள், போன் பேச்சு கவுன்டரில் செல்லாது.

போய்ச் சேர்ந்ததும் பெட்டிகளை இறக்குவதற்கு முன் ஒருவர் மட்டும் உள்ளே போய் எல்லா கீசரையும் போட்டு, சோபா கம் பெட்டை முழுக்க விரித்து, இணைப்புக் கதவைத் திறந்து பார்க்கட்டும். வில்லாவை மாற்றித் தரச் சொல்லிக் கேட்பது அந்தப் பத்து நிமிடத்தில்தான் எளிது.